ஒற்றை டிக்

காசிமேட்டில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா வாட்ஸ்அப்பைத்தான் கலங்கரை விளக்கமாக வைத்திருக்கிறார். கணவர் விசைப்படகில் போனால் திரும்பப் பத்து நாள், பதினைந்து நாள் ஆகும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே சிக்னல் அறுந்துவிடும். அதன்பிறகு அக்கா அனுப்பும் ‘சாப்டியா’வுக்குப் பக்கத்தில் ஒற்றை டிக்தான். என்றைக்கோ ஒரு விடியலில் இரண்டாவது டிக் விழும். படகு கண்ணுக்கே தெரியாது, துறைமுக வாய்க்குள் நுழைய இன்னும் நேரம் கிடக்கிறது. ஆனால் அக்கா உலை வைத்துவிடுவார். “ரெண்டு டிக்கு வுயுந்துச்சுபா, வந்துட்டாரு.”

அவருடைய மாமியாருக்கு இதே சேதி வேண்டுமானால், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள்மேல் ஏறி, நெற்றியில் கை வைத்து நிற்க வேண்டியிருந்தது. முன்னால் கரை சேர்ந்தவரிடம், “எங்க போட்ட பாத்தியா?” என்று கேட்பார்கள். பார்க்காதவரும் பார்த்தேன் என்றுதான் சொல்வாராம். அந்தப் பொய்க்கு இப்போது வேலையில்லை.

சென்னைக்குக் கைபேசி வந்தது 1995இல். கூப்பிட்டாலும் காசு, எடுத்தாலும் காசு. வரும் அழைப்பு இலவசமாக 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை ராயபுரத்துக்கு எஸ்.டி.டி. பூத்தும், பெட்டிக்கடை வாசலில் ஒரு ரூபாய் போட்டுப் பேசும் போனும்தான்.

இன்று ஏலம் முடியும் முன்பே வஞ்சரத்தின் படம் எங்கெங்கோ போய்விடுகிறது. சங்கராவைக் கூறு கட்டி விற்கும் ஆயாவின் ஐஸ்பெட்டிமேல் இருக்கும் சின்ன ஸ்பீக்கர், வந்த பணத்தைக் கணீரென்று அறிவிக்கிறது. ஆயாவுக்கு அதில் ஒரே வருத்தம்: என்ன விலைக்குக் கொடுத்தார் என்பது பக்கத்துக் கடைக்கும் கேட்டுவிடுகிறது.

ஆனால் எல்லாவற்றையும் பகிரும் இந்த ஊர் ஒன்றை மட்டும் பகிராது. மீன் கிடக்கும் இடம். முன்பு கரையில் தெரியும் கலங்கரை விளக்கத்தையும் அனல்மின் நிலையப் புகைபோக்கியையும் கண்ணால் கோடு போட்டு இடத்தை மனதில் வைத்திருப்பார்கள். இப்போது அது ஜி.பி.எஸ்.ஸில் ஒரு புள்ளி. படகுக்குப் படகு வயர்லெஸ்ஸில் அரட்டை ஓடும், சிரிப்பு ஓடும். புள்ளியைக் கேட்டால் மட்டும் சத்தம் சரியாகக் கேட்காது! 2017இல் ஒக்கிப் புயல் எச்சரிக்கை ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்கள் பலரை எட்டாமல் போனபிறகு, விசைப்படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியே செய்தி தரும் டிரான்ஸ்பாண்டரும் வந்திருக்கிறது.

கரையிலிருப்பவர்களின் கதை வேறு. 2017 ஜனவரி 28 விடியலில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதின. சூழலுக்குப் பாதிப்பில்லை என்றது முதலில் வந்த அறிவிப்பு. இரண்டொரு நாளில் கறுத்த பாறைகளும் எண்ணெய் அப்பிய ஆமைகளும் கைபேசிகளில் வலம்வந்தன. அதே மாதம்தான் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் குவிந்திருந்தார்கள், டி.எம். கிருஷ்ணாவின் ‘புறம்போக்கு’ பாடலும் எண்ணூர்க் கழிமுகத்தை யூடியூபில் ஏற்றியிருந்தது. அப்படிக் கூடிப் பழகிய ஊர், இப்போது எண்ணெய் அள்ள வந்தது. கைபேசி ஆளைத்தான் சேர்த்தது. அள்ளியது என்னவோ பிளாஸ்டிக் வாளியில்.

2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது இந்தக் கரைக்கு ஒரு வார்த்தை எச்சரிக்கை வரவில்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது 2007இல். ஆனால் 2023இல் அதே டிசம்பர் 26, நள்ளிரவை நெருங்கும் நேரம், எண்ணூரில் உர ஆலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் இருந்த நண்பர் பிறகு எனக்கு ஒரு குரல் பதிவைக் கேட்கக் கொடுத்தார். பத்து நொடிதான். “கேஸு வுட்டுட்டான், எய்ந்திரிங்க, ஈரத்துணிய மூஞ்சில கட்டுங்க,” பின்னாலேயே இருமல், நாய்க் குரைப்பு, யாரோ தடதடவென்று கதவைத் தட்டும் ஓசை.

யார் வீட்டுக் கதவு என்று கேட்டேன். போன் இல்லாத ஓர் ஆயாவுடையதாம்.