முதுகு காக்கும் பிலாட்டீஸ் பயிற்சி

கடை திறந்தது முதல் கணக்கு முடிக்கும் வரை கல்லாவில் அமர்ந்திருக்கிறோம். இடையிடையே குனிந்து மூட்டை தூக்குகிறோம். ஆகவே நம்மில் பலருக்கும் இடுப்புவலி வருவதில் வியப்பில்லை.

ஜெர்மனியில் 1883-இல் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ், 1920-களில் நியூயார்க் சென்று பயிற்சிக்கூடம் நடத்தினார். தமது முறைக்கு அவர் இட்ட பெயர் 'கன்ட்ராலஜி'. 1967-இல் அவர் மறைந்த பின், மற்றவர்கள் அதன் சாரத்தை ஆறு கொள்கைகளாகத் தொகுத்தனர்: மூச்சு, மன ஒருமை, மையம், கட்டுப்பாடு, துல்லியம், தொடர்ச்சி.

ஒரு பயிற்சியில் இவற்றைக் காண்போம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் பதிக்கவும். மூச்சை வெளிவிட்டபடி அடிவயிற்றை உள்ளிழுத்து, இடுப்பை மெல்ல உயர்த்தவும். மேலே மூச்சை இழுத்து, வெளிவிட்டபடியே முதுகெலும்பைச் சிறிது சிறிதாகத் தரையில் இறக்கவும். வயிறு, கீழ்முதுகு, இடுப்புத் தசைகளே மையம். அசைவு அங்கிருந்து தொடங்க வேண்டும். வேகத்தால் தூக்காமல் தசையால் தூக்குவது கட்டுப்பாடு. பாதமும் முழங்காலும் விலகாதிருப்பது துல்லியம். இடையில் வெட்டி நிறுத்தாமல் செய்வது தொடர்ச்சி. கவனம் முழுவதும் அசைவிலேயே இருப்பது மன ஒருமை.

எண்ணிக்கை முக்கியமல்ல. தாறுமாறாக இருபது முறை செய்வதைவிட முறையாக ஐந்து முறை செய்வதே மேல். மூட்டை தூக்கும்போதும் மூச்சை அடக்காமல், வயிற்றை இறுக்கி, முழங்காலை மடக்கித் தூக்குவோம்.

வலி தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். வட்டு விலகல், இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்குவது நல்லது. கடை திறக்குமுன் பத்து நிமிடம் இதற்கென ஒதுக்குவோம்.