மாங்காய்ப் பூட்டும் முகப் பூட்டும்

திண்டுக்கல் என்றதும் பூட்டுதான் நினைவுக்கு வரும். இரும்புத் தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, லீவர்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி, அவற்றுக்கேற்ப சாவியின் பல்லையும் கையாலேயே தேய்த்தெடுப்பார்கள். மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று வகைகள் பல. மணிப் பூட்டில் சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும். திருட்டுச் சாவி போட்டாலும் வீட்டுக்காரர் காதில் விழுந்துவிடும்.

வாங்க வருபவர் எத்தனை லீவர், எத்தனை சாவி என்று கேட்டு, திருப்பிப் பார்த்த பிறகே காசு கொடுப்பார். ஒரு சாவியை மகனிடம் கொடுப்பதா, இரண்டையும் இடுப்பில் செருகிக்கொள்வதா என்பது அவர் விருப்பம். சாவி தொலைந்தால் வேறு பூட்டு போட்டுக்கொள்வார்.

இன்று அலிகாரின் இயந்திரப் பூட்டுகளோடு விலையில் போட்டியிட முடியாமல் கைத்தொழில் சுருங்கிவிட்டது. 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமை. ஆனால் பட்டறைக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் குறைவு. அவர்கள் கையில் லேப்டாப் இருக்கிறது. அதன் பூட்டை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பல லேப்டாப்களில் அது கூடவே வந்துவிடுகிறது.

2008 வாக்கிலேயே லெனோவோ, ஏசுஸ், டோஷிபா லேப்டாப்களில் முகம் பார்த்துத் திறக்கும் மென்பொருள் வந்துவிட்டது. 2009-இல் வாஷிங்டன் அருகே நடந்த பிளாக் ஹாட் என்னும் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், வியட்நாம் ஆய்வாளர்கள் வெறும் புகைப்படத்தைக் காட்டியே இந்தப் பூட்டுகளை ஏமாற்றிக் காட்டினார்கள். 2015-இல் விண்டோஸ் 10-உடன் வந்த விண்டோஸ் ஹலோ, அகச்சிவப்புக் கேமராவில் பார்ப்பதால் சாதாரண போட்டோவுக்கு எளிதில் ஏமாறாது. முகப் பதிவும் அந்தக் கணினியிலேயே இருக்கும். நல்ல முன்னேற்றம்தான். என்றாலும் பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றலாம், முகத்தை மாற்ற முடியுமா?

முகப் பூட்டு வேண்டாம் என்பவர்கள் விண்டோஸ் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் போய், ஃபேஷியல் ரெகக்னிஷன் என்பதில் ரிமூவ் கொடுத்தால் போதும். அதன் பிறகு பின் நம்பரில் உள்ளே போகலாம். பழைய லேப்டாப்பில் கம்பெனி போட்டுத் தந்த தனி மென்பொருள் என்றால் கன்ட்ரோல் பேனலில் அன்இன்ஸ்டால் செய்ய வேண்டும். எதுவானாலும் பாஸ்வேர்டோ பின்னோ வேலை செய்கிறதா என்று முதலில் சோதித்துவிட்டுக் கை வையுங்கள். இல்லையேல் நீங்களே வெளியே நிற்க நேரும்.

முகம் காட்டித் திறப்பது வசதி என்று நினைப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் எந்தப் பூட்டு, யாரிடம் சாவி என்று வாங்குபவரே முடிவுசெய்த வழக்கம், பூட்டு கணினிக்குள் போனதால் கைவிட்டுப் போகக் கூடாது. விற்றவர் போட்டுத் தந்தார் என்பதற்காக எந்தப் பூட்டையும் நாம் சுமக்க வேண்டியதில்லை.