நமக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்குப் பிழைப்பு

“உன் பொழுதுபோக்கு என்ன?” என்று கேட்டால் என் நண்பர்களில் பாதிப் பேர் “சாப்பாடு” என்பார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். தேக்கா, கேலாங் சிராய், மேக்ஸ்வெல் என்று வார இறுதி முழுவதும் சுற்றுவோம். படம் எடுத்து இன்ஸ்டகிராமில் போடுவோம். பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண்ணும் கொடுப்போம்.

சென்ற பல்கலைக்கழக விடுமுறையில் கைச்செலவுக்காக ஓர் உணவங்காடியில், புரோட்டாக் கடையில் ஒரு மாதம் பகுதிநேர வேலை பார்த்தேன். குழம்பு ஊற்றுவதும் பணம் வாங்குவதும்தான் என் வேலை. ஆனால், கடை எப்படி நடக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தது.

பிசைந்த மாவை உருண்டைகளாக்கி, நெய் தடவிப் பல மணி நேரம் ஊறவிட வேண்டும். ஊறினால்தான் மாவு இளகும். வீசும்போது கிழியாமல் விரியும். காலையில் நாம் கேட்கும் ‘இரண்டு கோசோங், ஒரு முட்டை’க்கான வேலை முதல் நாள் இரவே தொடங்கிவிடுகிறது.

“உங்க பையனும் கடைக்கு வருவாரா அண்ணே?” என்று ஒருநாள் கேட்டேன். “அவன் படிக்கட்டும் தம்பி. இந்தக் கல்லுச் சூடு என்னோட போகட்டும்,” என்றார் கடைக்காரர்.

சாலையோர வியாபாரிகளுக்கு நிலையான இடம் தர 1971 முதல் 1986 வரை அரசாங்கம் உணவங்காடி நிலையங்களைக் கட்டியது. தேக்கா நிலையம் 1982ல் திறக்கப்பட்டது. 2020 டிசம்பரில் நம் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அனைவரும் பெருமைப்பட்டோம். ஆனால், கடைக்காரர்களின் இடைநிலை வயது 60ஐ ஒட்டி இருக்கிறது. அவர்களுக்குப் பிறகு யார்?

“படிப்பு முடிந்ததும் நான் ஒரு கடை போடட்டுமா?” என்று வீட்டில் விளையாட்டாகக் கேட்டேன். “இதுக்கா உன்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினோம்?” என்றார் அம்மா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் புரோட்டாவுக்கு வரிசையில் நிற்பவரும் அவர்தான். அவரைக் குறைசொல்ல முடியவில்லை. கடைக்கார அண்ணனும் அதையேதானே சொன்னார்!

ஆர்வம் உள்ளவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. தேசிய சுற்றுப்புற வாரியமும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூரும் 2020ல் தொடங்கிய திட்டத்தில் முதலில் வகுப்புப் பயிற்சி பெறலாம். பிறகு அனுபவமுள்ள கடைக்காரரிடம் தொழில் பழகலாம். அதன் பின் சொந்தமாகக் கடை நடத்திப் பார்க்கவும் வாய்ப்பு உண்டு.

எல்லாரும் கடை போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சமையல் பிடித்தவர்கள் ஒரு விடுமுறையையாவது கடைக்குள் கழித்துப் பாருங்கள். தொழில் பிடித்துப்போனால் நல்லது. பிடிக்காவிட்டாலும், குளிரூட்டப்பட்ட கடையில் காப்பிக்கு 6 வெள்ளி கொடுத்துவிட்டு, புரோட்டா 20 காசு ஏறியதற்கு முணுமுணுக்க மனம் வராது.