படகின் சமநிலையும் பயணியின் கடமையும்

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் தமிழ்நாட்டைத் தொடும் மலைப்பகுதிகளில், உல்லாசப் பயணிகள் விரும்பிச் செல்லும் நீர்த்தேக்கங்கள் பல உள்ளன. அவற்றுள் பெயர்பெற்றது தேக்கடி ஏரி. 1895ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற முல்லைப் பெரியாறு அணையினால் உண்டானது அது. அதன் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கி, வைகைப் பாசனத்திற்குப் பயன்படுகின்றது. வடக்கே பாலக்காடு மாவட்டத்தில், டாப்ஸ்லிப்பிற்கு அப்பால் உள்ள பரம்பிக்குளத்திலும் இத்தகைய ஏரி உண்டு. இரண்டும் காட்டின் நடுவே அமைந்தவை.

இவ்வேரிகளில் படகேறுவோரின் ஆசை யாதெனில், நீர் பருகக் கரைக்கு வரும் யானையையும் காட்டெருமையையும் நேரில் காண்பதே. அவ்வாசை இயற்கையானது. ஆயினும், “அதோ யானை!” என்று ஒருவர் கூவியவுடன் எல்லோரும் எழுந்து ஒரு பக்கமாக விரையும்பொழுது படகிற்கு நேர்வது என்ன என்பதை நேயர்கள் அறிந்திருத்தல் நலம்.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகின்றது என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மை. ஒருவரின் எடை சராசரி 60 கிலோகிராம் எனக் கொண்டால், ஐம்பது பேர் ஏறியவுடன் படகின் சுமை 3,000 கிலோகிராம் கூடுகின்றது. அதனைத் தாங்க மேலும் 3 கன மீட்டர் நீரை விலக்குமளவிற்குப் படகு கீழே அமிழ்கின்றது. இது மிதப்பதைப் பற்றிய கணக்கு. கவிழாதிருப்பதற்கு வேறொரு கணக்கு உண்டு.

படகின் மொத்த எடையும் ஒரு புள்ளியின் வழியாகக் கீழ்நோக்கி இழுக்கின்றது. அதனை எடைமையம் எனலாம். நீரின் தாங்குவிசையோ மற்றொரு புள்ளியின் வழியாக மேல்நோக்கித் தள்ளுகின்றது, அது மிதப்புமையம். படகு சற்றே சாயும்பொழுது, சாய்ந்த பக்கத்தில் அதன் உடல் மிகுதியாக அமிழ்வதால், மிதப்புமையமும் அப்பக்கம் நகர்ந்து படகை நிமிர்த்துகின்றது. சிறிய அலைகளுக்குப் படகு ஆடி ஆடி நிலைக்கு வருவது இதனாலேயே. ஆனால், சாய்ந்த பக்கத்திற்கே மனிதர்களும் திரண்டுவிடின் எடைமையமும் உடன் நகர்கின்றது. அது மிதப்புமையத்தைக் கடந்து வெளியே சென்றுவிட்டால், நிமிர்த்தவேண்டிய விசையே கவிழ்க்கும் விசையாகிவிடும்.

எடைமையம் உயர உயர இவ்வபாயம் மிகும். குத்துவிளக்கின் அடிப்பகுதி அகன்றும் கனத்தும் இருப்பதால் அது நிலையாக நிற்கின்றது. தலைப்பகுதி கனத்துவிடின் சிறு தொடுதலுக்கும் விழும். ஆகவே, இரண்டடுக்குப் படகின் மேல்தளத்தில் கூட்டம் சேர்வது கீழ்த்தளத்தில் சேர்வதினும் ஆபத்தானது.

2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் மாலை, தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்னும் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். கரையிலிருந்த விலங்குகளைக் காணப் பயணிகள் ஒருபுறமாகத் திரண்டது அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. படகின் அமைப்பைப் பற்றியும் கேள்விகள் எழுந்தன. அமைப்பு நன்றாயிருத்தல் படகு கட்டுவோரின் பொறுப்பு. அளவறிந்து ஏற்றுதல் நடத்துவோரின் பொறுப்பு. இருந்த இடத்தில் இருத்தல் பயணியின் பொறுப்பு. இம்மூன்றில் ஒன்று தவறினும் மற்ற இரண்டின் சுமை கூடிவிடும்.

படகோட்டியின் வேலையும் எளிதன்று. தேக்கடியில், அணை கட்டியபொழுது மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் இன்றும் நீரில் நிற்கின்றன. நீர்மட்டம் ஏறினால் அவற்றுட் பல கண்ணுக்கு மறைந்துவிடும், இறங்கினால் வெளிப்படும். ஆதலால் பழகிய நீர்த்தடத்தை விட்டு அவன் விலகலாகாது. விரைந்து செல்கையில் சுக்கானைத் திடீரெனத் திருப்பினால், இத்தகைய கனத்த படகு வளைவின் வெளிப்புறமாகச் சாயும். அந்நேரத்தில் பயணிகளும் அப்புறம் எழுந்து நின்றால், இரண்டு சாய்வுகளும் ஒன்றுசேரும். கரையில் விலங்கு தென்பட்டால் வேகத்தைத் தணித்து, படகை மெல்லத் திருப்பி, இரு பக்கத்தினரும் உட்கார்ந்தபடியே காணச் செய்வது தேர்ந்த படகோட்டியின் முறை.

பரம்பிக்குளத்திலும் தேக்கடியிலும் மூங்கில் தெப்பங்களில் செல்லும் வசதியும் உண்டு. தெப்பம் மெதுவாகச் செல்வது. ஆயின் அகலமானது, தாழ்வானது. அதன் எடைமையம் நீர்மட்டத்தை ஒட்டியே நிற்பதால் எளிதில் கவிழ்வதில்லை. காவிரியின் பரிசற்காரர்கள் ஆட்களை வட்டமாகத் தரையோடு அமர்த்துவதும் இதே தத்துவத்தின்படியே. ஏட்டில் கணக்கிடாமலே அனுபவத்தால் அவர்கள் கண்ட உண்மை இது.

படகேறுவோர் சில விதிகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும். மிதவைச் சட்டையை ஏறுமுன்னரே அணிந்து, வார்களை இறுக்கிக் கட்டிக்கொள்க. குழந்தைகளுக்கு அவர்கள் உடலளவிற்கு ஏற்றதைக் கேட்டுப் பெறுக. குறித்த தொகைக்கு மேல் ஆட்கள் ஏறியிருப்பின், கட்டணத்தைப் பாராது இறங்கிவிடுக. கரையில் யானையே வந்து நின்றாலும் இருக்கையை விட்டு எழாதிருக்க. தவறிக் கவிழ்ந்துவிடின், தொலைவிலுள்ள கரையை நோக்கி நீந்த முயலாமல், மிதக்கும் படகையோ பலகையையோ பற்றிக்கொண்டு உதவிக்குக் காத்திருக்க.

எதிர்ப்பக்கத்தில் அமர்ந்தவருக்கு யானை சற்று மறைவாகத் தெரியலாம். படகு திரும்பிவரும்பொழுது அதே கரை அவர் பக்கமாக அமையும். அதுவரை பொறுத்திருப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.