குழியும் சக்கரமும்

நுழையும்முன்

பதினொன்றாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் மாணவர் பலருக்கு மிதிவண்டி உற்ற தோழனாக அமைகிறது. வீட்டிற்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட தொலைவை அது சுருக்கித் தருகிறது. ஆனால், செல்லும் வழி குண்டும் குழியுமாக இருந்தால் அப்பயணமே இடராகிவிடும். சாலையில் குழி ஏன் தோன்றுகிறது, அதனைக் கடப்பது எவ்வாறு, அதனைச் செப்பனிடச் செய்யும் வழி யாது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

சக்கரம் தந்த விடுதலை

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்பித்தது. பேருந்துக்கும் பிறர் துணைக்கும் காத்திருந்த ஊரகப் பெண்கள், தாமே வண்டியோட்டிச் சந்தைக்கும் வேலைக்கும் சென்றனர். 2001-2002இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. பின்னர் அது அரசுப் பள்ளிகள், அரசு உதவிபெறும் பள்ளிகள் ஆகியவற்றில் பயிலும் மாணவர்க்கும் விரிவாக்கப்பட்டது. எனினும், மிதிவண்டி கையில் இருந்தால் மட்டும் போதாது. அது உருளத்தக்க சாலையும் வேண்டும்.

குழி பிறக்கும் விதம்

தார்ச்சாலை பல அடுக்குகளால் ஆனது. அடியில் இறுக்கப்பட்ட மண், அதன்மேல் சல்லி, அதற்கும் மேல் தாரும் சல்லியும் கலந்த பரப்பு என அவை அமையும். மேற்பரப்பு, நீர் உட்புகாமல் கீழடுக்குகளைக் காக்கிறது. வெயிலாலும் காலத்தாலும் தார் தன் நெகிழ்வை இழக்கும்போது அதில் விரிசல் தோன்றுகிறது. விரிசலின் வழியே இறங்கும் மழைநீர், சல்லிக்கும் தாருக்கும் இடையிலான பிடிப்பைத் தளர்த்துகிறது, அடிமண்ணையும் இளக்குகிறது. அதன்மீது கனரக வண்டி ஏறும்போது, உள்ளே தேங்கிய நீர் அழுத்தத்திற்கு உள்ளாகி மண் துகள்களோடு பீறிட்டு வெளியேறுகிறது. இவ்வாறு ஆதாரம் இழந்த மேற்பரப்பு உடைந்து உள்வாங்குவதே குழியாகும். சாலையின் நடுப்பகுதியைச் சற்று உயர்த்தி இருபுறமும் சரிவாக அமைப்பது நீர் வடிவதற்காகவே. சரிவு சிதைந்தாலும் வடிகால் அடைபட்டாலும் சாலை விரைவில் கெடும்.

உடைப்பவரும் துன்புறுபவரும்

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பெரிய அளவிலான சாலை ஆய்வு ஒன்று நடைபெற்றது. வண்டியின் ஓர் அச்சு தாங்கும் சுமை இரு மடங்கானால், சாலைக்கு விளையும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது அதிலிருந்து பெறப்பட்ட உண்மை. இதனை நான்மடி விதி என்பர். சரக்குந்தின் ஓர் அச்சு 10 டன் அளவுக்குச் சுமை தாங்கும். மிதிவண்டியும் ஓட்டுநரும் சேர்ந்தாலும் எடை பெரும்பாலும் 100 கிலோவைத் தாண்டாது. ஆகவே, மிதிவண்டியால் சாலைக்கு விளையும் சேதம் இல்லை என்றே சொல்லலாம்.

ஆயினும், குழியின் துன்பத்தை மிகுதியாக நுகர்பவர் மிதிவண்டி ஓட்டுபவரே. பேருந்தில் இருப்பவருக்குக் குலுக்கலாக முடிவது, இவருக்கு வீழ்ச்சியாகக்கூடும். குழியைத் தவிர்க்க விலகினால், பின்னால் வரும் வண்டியின் பாதையில் புக நேரும். சாலையைக் கெடுக்காதவர், கெட்ட சாலையின் விலையைத் தம் உடலால் செலுத்துகிறார்.

கடக்கும் முறை

கண்கள் முன்சக்கரத்தை அன்று, பல அடி தொலைவிலுள்ள சாலையை நோக்க வேண்டும். குழியைத் தொலைவிலேயே கண்டால், பின்னால் பார்த்துக் கைச்சைகை காட்டி மெல்ல விலகலாம். விலக இயலாதபோது, குழிக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். குழிக்குள் முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி கவிழக்கூடும். இரு மிதிகளையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, இருக்கையிலிருந்து சற்றே எழுந்து, முழங்கையையும் முழங்காலையும் தளர்வாக மடக்கிக் கொண்டால் உடலே அதிர்வைத் தாங்கும் வில்லாகிறது. நீர் நிறைந்த பள்ளத்தின் ஆழம் புலப்படாது. அதனை ஆழமானதென்றே கருதுதல் நலம்.

காற்றுக் குறைந்த டயர் குழியின் விளிம்பில் மோதினால், சக்கர வளையத்திற்கும் விளிம்பிற்கும் இடையே டியூப் நசுங்கி ஓட்டையாகும். எனவே காற்றின் அளவு, பிரேக், சக்கரக் கம்பிகள் ஆகியவற்றை வாரந்தோறும் பார்த்தல் வேண்டும். இரவில் செல்வோர்க்கு முன்விளக்கும் பின்புற ஒளிதிருப்பியும் இன்றியமையாதவை.

கேட்கும் உரிமை

மோட்டார் வண்டிகள் பெருகுவதற்கு முன்பே நல்ல சாலை கேட்டவர்கள் மிதிவண்டி ஓட்டுநர்கள். 1880இல் அமெரிக்காவில் சங்கம் அமைத்த அவர்கள், சாலை மேம்பாட்டை ஓர் இயக்கமாகவே நடத்தினர். அவ்வழி நமக்கும் உரியது. சாலை ஊராட்சிக்கு உரியதா, நகராட்சிக்கு உரியதா, நெடுஞ்சாலைத் துறைக்கு உரியதா என்பதை முதலில் அறிய வேண்டும். பின், குழி இருக்கும் இடம், அதன் நீள அகல ஆழம், அவ்வழியே செல்லும் மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றை விண்ணப்பத்தில் எழுதலாம். சிற்றூர்களில் பெற்றோர் வழியாகக் கிராம சபையிலும் முன்வைக்கலாம்.

குழியில் மண்ணைக் கொட்டுவது தீர்வாகாது. அடுத்த மழையே அதனை அடித்துச் செல்லும். குழியின் ஓரங்களைச் செம்மையாக வெட்டி, தளர்ந்தவற்றையும் நீரையும் அகற்றி, தார் பூசி, சல்லிக் கலவையிட்டு இறுக்குவதே முறையான செப்பனிடல். விரிசலாக இருக்கும்போதே அடைத்துவிட்டால் செலவும் உழைப்பும் குறைவு. எனவே, விண்ணப்பம் எழுத வேண்டிய காலம் யாரேனும் விழுந்த பிறகு அன்று. மழைக்காலத்திற்கு முன், விரிசல் கண்ணில் படும் அன்றே.