அறிவிக்கை வந்த பிறகு ஓடாதீர்கள்

உளவியல் படித்த பிள்ளைகள் பலர் கேட்கும் கேள்வி: "பரோல் ஆபீசர் ஆவது எப்படி?" தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் ஒரு பதவி கிடையாது. இங்கே அவர் 'நன்னடத்தை அலுவலர்'. பெயரைத் தப்பாகத் தேடினால் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டிஎன்பிஎஸ்சி) அறிவிக்கை கண்ணில் படவே படாது.

1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி, 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்பும் முன் நீதிமன்றம் கேட்டு வாங்குவது இவருடைய அறிக்கையைத்தான். கைதி பரோல் கேட்டாலும், தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி, ஊருக்குப் போய் வீட்டாரிடம் விசாரித்து எழுதுவது இவர்தான். ஒரு குடும்பத்தின் கதி அந்த இரண்டு பக்க அறிக்கையில் இருக்கிறது. உளவியல் படித்தவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் விரும்புவது அதனால்தான்.

ஆனால் அவர்கள் தோற்பது தேர்வில் அல்ல, சான்றிதழ் சரிபார்ப்பில். அண்மையில் ஒரு பெண் கோப்பைப் பிரித்துக் காட்டினார். பட்டத்தில் 'ஆலோசனை உளவியல்' என்று இருக்கிறது. அறிவிக்கை கேட்டது வேறு பெயர். "இரண்டும் ஒன்றுதான்" என்று பல்கலைக்கழகம் வட்ட முத்திரையோடு தந்த கடிதத்தை லேமினேட் செய்து வைத்திருந்தார். அது செல்லாது. டிஎன்பிஎஸ்சி ஏற்பது உயர்கல்வித் துறையின் இணைத்தன்மை அரசாணையை மட்டுமே. அதுவும் அறிவிக்கை தேதிக்குள் வெளியானதாக இருக்க வேண்டும்.

ஆகவே இன்றே செய்ய வேண்டியவை:

முதலில், பழைய அறிவிக்கையை எடுத்து, அதிலுள்ள பட்டப் பெயரோடு உங்கள் பட்டத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மாறியிருந்தால், உங்கள் பட்டத்துக்கு ஏற்கெனவே அரசாணை இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் பாடத்திட்டம், மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்று ஆகியவற்றோடு பல்கலைக்கழகத்தையும், சென்னையிலுள்ள தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தையும் அணுகுங்கள். இணைத்தன்மையை ஆராயும் குழு அந்த மன்றத்தில்தான் இருக்கிறது. கோப்பு ஒவ்வொரு மேசையிலும் தூங்கும். எழுத்தில் விண்ணப்பித்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், விடாமல் கேளுங்கள்.

அடுத்து, படித்த வரிசையையும் பாருங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசையில் படிக்காமல் திறந்தநிலையில் நேரே வாங்கிய பட்டம் அரசு வேலைக்கு உதவாது. தொலைநிலையிலும் இணைய வழியிலும் உளவியல் நடத்துவதை 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கை முதல் பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. 'இப்போதும் சேரலாம்' என்று அழைப்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே சான்று வேண்டும். பள்ளியை மூடுவதற்குள், தலைமையாசிரியர் மாறுவதற்குள் வாங்கிவிடுங்கள். டிஎன்பிஎஸ்சியின் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய்தான், ஐந்து ஆண்டு செல்லும். பணம் கேட்டு 'வேலை வாங்கித் தருகிறேன்' என்பவன் ஏமாற்றுக்காரன்.

மறுபடியும் சொல்கிறேன்: அரசாணையின் தேதி அறிவிக்கையின் தேதிக்குப் பிந்தியிருக்கக் கூடாது. ஒரு நாள் பிந்தினாலும் உங்கள் படிப்பு சான்றிதழ் சரிபார்ப்பு மேசையைத் தாண்டாது.