திருத்தம் என்னும் சொல்

சங்கத்தின் பேரவைக் கூட்ட அறிவிப்பில் “துணைவிதித் திருத்தம்” என்று ஒரு பொருள் அவ்வப்போது இடம்பெறுகின்றது. வரவு செலவையும் இலாபப் பங்கையும் கூர்ந்து கேட்கும் அங்கத்தினர்கள் கூட, இந்தப் பொருள் வரும்போது கைதூக்கிவிட்டுக் கலைந்து விடுவதுண்டு. சங்கத்தில் நமக்குள்ள உரிமைகள் பலவும் இந்த ஒரு சொல்லின் வழியாகவே கூடவும் குறையவும் செய்கின்றன. ஆதலால் அதன் பொருளையும் வழக்கையும் அறிந்து கொள்வது நலம்.

‘திருந்து’ என்பது தானே செம்மையுறுதல். ‘திருத்து’ என்பது பிறிதொன்றைச் செம்மையாக்குதல். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி வரப்பிடுவதை உழவர்கள் நிலம் திருத்துதல் என்பர். ஆசிரியர் ஏட்டைத் திருத்துகிறார். பெற்றோர் பிள்ளையைத் திருத்துகின்றனர். இவ்வாறு உலக வழக்கில் இச்சொல் நன்மையையே குறிக்கின்றது. சட்ட வழக்கிலோ அவ்வாறன்று. நடப்பில் உள்ள ஒரு சட்டத்தின் அல்லது விதியின் வாசகத்தை உரிய முறைப்படி மாற்றுவதற்கே அங்கே திருத்தம் என்று பெயர். அம்மாற்றம் நன்றாகவும் இருக்கலாம், தீதாகவும் இருக்கலாம். பெயரைக் கேட்ட அளவில் நல்லதென்று கொள்ளல் ஆகாது.

திருத்தம் செய்யும் வேலை மூவகைப்படும். இல்லாத சொல்லைச் சேர்த்தல், இருக்கும் சொல்லை நீக்குதல், ஒன்றை எடுத்து அவ்விடத்தில் வேறொன்றை அமைத்தல் என்பன அவை. எவ்வகையாயினும் மூலச் சட்டம் உயிரோடு இருக்கும். சட்டம் முழுவதையும் எடுத்துவிடுவது திருத்தம் அன்று. அது நீக்கம் எனப்படும். கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடமளித்த 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் 1912-இல் நீக்கப்பட்டு, பிறவகைச் சங்கங்களுக்கும் இடமளிக்கும் புதிய சட்டம் பிறந்தது. 2002-ஆம் ஆண்டின் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமோ 2023-இல் திருத்தப்பட்டது. முன்னையது பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டியது போன்றது. பின்னையது நின்ற வீட்டில் சில சுவர்களை மாற்றியது போன்றது. அச்சுப் பிழையைச் சரிசெய்வதும் சட்டத் திருத்தம் ஆகாது. அது பிழை திருத்தமே.

ஒரு சொல் எவ்வளவு செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம் கொள்வோம். “சொந்தத் தறி வைத்து நெய்பவர் அங்கத்தினராகலாம்” என்று ஒரு துணைவிதி இருப்பதாக வைத்துக் கொள்வோம். இதில் ‘சொந்த’ என்னும் சொல்லை நீக்கினால், வாடகைத் தறியில் நெய்யும் ஏழைக்கும் சங்கத்தின் வாயில் திறக்கும். ‘நெய்பவர்’ என்பதை எடுத்துவிட்டு ‘தொழில் நடத்துபவர்’ என்று அமைத்தால், நாடாவைத் தொட்டறியாத முதலாளியும் உள்ளே வந்து அமர்வார். இரண்டிற்கும் திருத்தம் என்றே பெயர். அறிவிப்பில் “இன்ன விதியில் இன்ன சொல்லுக்குப் பதிலாக இன்ன சொல் அமைக்கப்படும்” என்று மட்டும் எழுதியிருந்தால் இவ்வேறுபாடு புலப்படாது. பழைய வாசகத்தையும் புதிய வாசகத்தையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் விளங்கும்.

முறை தவறிய திருத்தம் நிலைக்காது என்பதும் நினைவில் கொள்ளத் தக்கது. இந்திய அரசியலமைப்பின் 97-ஆவது திருத்தம் 15-2-2012 அன்று நடைமுறைக்கு வந்தது. கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை அது குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் சேர்த்தது. நிர்வாகக் குழுவினர் 21 பேருக்கு மேற்படலாகாது, அவர்தம் பதவிக்காலம் ஐந்தாண்டு என்பன போன்ற ஏற்பாடுகளைக் கொண்ட புதிய பகுதியொன்றையும் புகுத்தியது. ஆனால் கூட்டுறவுச் சங்கங்கள் மாநிலங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. அவ்வதிகாரத்தைத் தொடும் திருத்தத்திற்கு, பாராளுமன்றத்தின் வாக்கோடு, பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். அந்த ஒப்புதல் பெறப்படவில்லை. ஆகவே அந்தப் புதிய பகுதி மாநிலச் சங்கங்களைக் கட்டுப்படுத்தாது என்று 20-7-2021 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல மாநிலச் சங்கங்களுக்கு மட்டும் அது நிலைத்தது. பாராளுமன்றமே ஒரு படியைத் தாண்டிச் சென்றபோது திருத்தம் செல்லாமற் போயிற்று என்றால், சங்கங்களைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை.

சங்கத்திற்கும் இவ்வாறே படிகள் உண்டு. உத்தேசத் திருத்தத்தை முன்கூட்டியே அங்கத்தினர்களுக்கு அறிவித்தல் வேண்டும்; பேரவை கூடி, விதிகள் கோரும் பெரும்பான்மையுடன் தீர்மானித்தல் வேண்டும்; பதிவாளர் அதனைப் பதிவு செய்தல் வேண்டும். பதிவாகும் வரை பழைய துணைவிதியே செல்லும். பேரவையில் கைதட்டல் எழுந்ததாலேயே விதி மாறிவிடாது.

இச்சொல்லுக்குக் கூட்டத்தில் இன்னொரு வழக்கும் உண்டு. விவாதத்தில் உள்ள தீர்மானத்தின் வாசகத்தை மாற்றும்படி ஓர் அங்கத்தினர் பிரேரிப்பதும் திருத்தமே. அதனை முதலில் வாக்குக்கு விட்டு, பின்னரே தீர்மானத்தை வாக்குக்கு விடுவது மரபு. ஆனால் அது அறிவிப்பில் கண்ட பொருளை விட்டு அகலுதல் கூடாது. ஒரு தீர்மானத்தை முழுவதும் ஏற்கவோ முழுவதும் மறுக்கவோ மனம் வராதவர்க்கு இது நல்ல வழி.

ஆகவே அடுத்த முறை இச்சொல்லை அறிவிப்பில் கண்டால், நாம் மூன்று கேள்விகளைக் கேட்போமாக. பழைய வாசகம் யாது? புதிய வாசகம் யாது? இம்மாற்றத்தால் யார் உள்ளே வருகின்றனர், யார் வெளியே நிற்கின்றனர்? இவற்றிற்கு விடை பெற்ற பின்பு தூக்கப்படும் கையே சங்கத்தைக் காக்கும் கை.